இந்தியன் வங்கியில் நம் பங்கு எங்கே?

மாலை நேரத்தில் திண்டிவனம் நேரு வீதியிலோ, விழுப்புரம் பாகர்ஷா வீதியிலோ சிறிது நேரம் நின்று பாருங்கள். கக்கத்தில் தோல்பையும் கையில் அட்டைக் கட்டுமாகத் தண்டல்காரர் வருவார். பழக்கடை, பூக்கடை, செருப்புக்கடை, தள்ளுவண்டி என்று வரிசையாக நின்று நூறும் இருநூறும் வசூலிப்பார். அட்டையில் தேதிக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்வார். அந்த வரிசையில் தொப்பி அணிந்த நம் சகோதரர்களின் கடைகளும் இருக்கின்றன.

தண்டல் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர். கையில் தருவது 8,500. ஆயிரத்து ஐந்நூறு முன்கூட்டியே பிடித்தம். பிறகு தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது! இதே 8,500 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீதத்தில் வாங்கி, அதே நூறு நாளில் தினம் கட்டித் தீர்த்தால் வட்டி 150 ரூபாயைக்கூடத் தொடாது.

"வங்கிப் பக்கம் போக மாட்டேன் பாய், அது வட்டிக்கடை" என்று சொல்லும் சகோதரர் தண்டல் அட்டையில் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறார். வட்டியிலிருந்து அவர் தப்பவில்லை. பத்து மடங்கு வட்டியில் மாட்டிக்கொண்டார். இதை நாம் பேச வேண்டாமா?

வங்கி என்றாலே அது யாரோ பெரிய மனிதர்களின் இடம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் நம் கடைவீதிகளில் ஊறிக் கிடக்கிறது. இந்த எண்ணம் சரிதானா? நம் விழுப்புரம் மாவட்டத்துக்கு முன்னோடி வங்கியாக இருக்கும் இந்தியன் வங்கியின் வரலாற்றை எடுத்துப் பார்ப்போம்.

திவாலில் பிறந்த வங்கி

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22. சென்னை மாநகரை ஒரு செய்தி உலுக்கியது. அர்பத்நாட் கம்பெனி திவால்! பாரி, பின்னி, அர்பத்நாட் என்ற மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகள்தான் அந்நாளில் சென்னை வணிகத்தை ஆட்டிப்படைத்தன. அர்பத்நாட் கம்பெனி வங்கி வேலையும் பார்த்தது. வெள்ளைக்காரன் கம்பெனி, கவர்னருக்கு வேண்டியவர்கள், நம்பிப் போடலாம் என்று ஆயிரக்கணக்கானோர் தம் வாழ்நாள் சேமிப்பை அதில் போட்டிருந்தார்கள். அத்தனையும் மூழ்கியது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் தண்டனையும் கிடைத்தது. ஆனால் போன பணம் முழுதாகத் திரும்பவில்லை.

பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் அழுது புலம்புவதோடு நிற்கவில்லை. நம் பணத்தை நாமே காக்க நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று கிளம்பினார். நகரத்தார் வணிகர்கள் பணத்தோடு வந்து துணை நின்றார்கள். 1907 மார்ச் 5ல் இந்தியன் வங்கி பதிவானது. 1907 ஆகஸ்ட் 15ல் சென்னைக் கடற்கரைச் சாலையில் பாரி கம்பெனிக் கட்டடத்தில் வேலையைத் தொடங்கியது.

அது சுதேசி இயக்கத்தின் காலம். அதற்கு முந்தைய ஆண்டுதான் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதில் 2 லட்சம் ரூபாய்க்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு, ஒரே ஆளாகப் பங்கு வாங்கியவர் யார் தெரியுமா? ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர்! நாட்டுக்கென்று ஒரு நிறுவனம் எழுந்தபோது நம் முன்னோர் வாசலுக்கு வெளியே நிற்கவில்லை. பங்காளிகளாக உள்ளே இருந்தார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் வங்கி வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நிற்கிறார்கள்.

வளர்ச்சி யாரால்?

1932ல் கொழும்பில் கிளை. 1941ல் சிங்கப்பூரில் கிளை. தமிழன் கடை வைத்த ஊருக்கெல்லாம் வங்கியும் பின்னால் போனது. 1962ல் ராயலசீமா வங்கி, சேலம் வங்கி, மன்னார்குடி வங்கி, அழகாபுரி வங்கி, திருச்சி யுனைடெட் வங்கி என்று தனித்து நிற்க முடியாத சிறு வங்கிகள் இதனுடன் இணைந்தன.

ஆனாலும் அந்நாளில் வங்கிகள் யாருக்குக் கடன் கொடுத்தன? 1967ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் மொத்த வங்கிக் கடனில் விவசாயத்துக்குக் கிடைத்தது 2 சதவீதத்தை ஒட்டிய தொகை. பெரும்பகுதி பெரிய ஆலை முதலாளிகளுக்குப் போனது. திண்டிவனத்து மணிலா வியாபாரியும் செஞ்சி விவசாயியும் போட்ட பணம் பம்பாய் ஆலைக்குப் போகும். அதே விவசாயி விதை வாங்க லேவாதேவிக்காரனிடம் கைகட்டி நிற்பான். இதுதான் அன்றைய நிலை.

1969 ஜூலை 19ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 50 கோடி ரூபாய்க்குக் குறையாத வைப்புத்தொகை இருந்த தனியார் வங்கிகள் அவை. தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் அடக்கம். பங்குதாரர் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 1970 பிப்ரவரி 10ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்துச் செய்தது. நான்கே நாளில் புதிய அவசரச் சட்டம் வந்து வங்கிகளை அரசின் கையிலேயே நிறுத்தியது.

அதன்பின் நடந்ததை எண்களே சொல்லும். 1969ல் இந்தியா முழுவதும் இருந்த வங்கிக் கிளைகள் 8,262. அவற்றில் கிராமங்களில் இருந்தவை 1,833. 65 ஆயிரம் பேருக்கு ஒரு கிளை! இருபது ஆண்டுகளில் கிளைகள் ஐம்பதாயிரத்தைத் தாண்டின. பாதிக்கு மேல் கிராமங்களில் திறக்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒரு முன்னோடி வங்கி என்ற திட்டம் 1969 டிசம்பரில் வந்தது. அந்த மாவட்டத்தில் யாருக்கு எவ்வளவு கடன் என்று ஆண்டுதோறும் திட்டம் போட்டு மற்ற வங்கிகளையும் ஒருங்கிணைப்பது முன்னோடி வங்கியின் கடமை. சிறு தொழில், விவசாயம், சிறு வணிகம் முதலான முன்னுரிமைத் துறைகளுக்கு 40 சதவீதக் கடன் என்ற விதியும் வந்தது. 1993ல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவானது. இங்கு அந்தக் கடமை இந்தியன் வங்கிக்கு உரியது.

வங்கியைக் கவிழ்த்தது யார்?

"சின்னக் கடைக்காரனுக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வராது." வங்கி மேசைகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் பேச்சு இது. இந்தியன் வங்கியின் வரலாறு இதற்கு என்ன பதில் சொல்கிறது?

1995-96ஆம் ஆண்டில் இந்தியன் வங்கி 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. வங்கி உலகமே அதிர்ந்தது. 1999ல் வர்மா குழு நாட்டின் மூன்று நலிந்த வங்கிகளில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது. வங்கியை இந்த நிலைக்குத் தள்ளியது விழுப்புரம் தள்ளுவண்டிக்காரரா? பெட்டிக்கடைக்கு ஐயாயிரம் வாங்கிய விதவைப் பெண்ணா? இல்லை. செல்வாக்கு உள்ளவர்களுக்கு ஈடும் இல்லாமல் விசாரணையும் இல்லாமல் அள்ளிக் கொடுத்த பெரிய கடன்கள்தான் வங்கியின் கழுத்தை நெரித்தன. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன.

அந்த நேரத்தில் வங்கியைக் காப்பாற்றியது எது? அரசாங்கம் கோடி கோடியாக மூலதனம் போட்டது. அது மக்களின் வரிப்பணம். நீங்கள் வாங்கும் தீப்பெட்டிக்கும் துணிக்கும் கட்டிய வரி அதில் இருக்கிறது. 2000ல் ரஞ்சனா குமார் என்ற பெண்மணி தலைவராக வந்தார். ஊழியர்களும் உழைத்தார்கள். வங்கி மீண்டும் லாபம் காட்டியது. 2007ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1ல், 1865ல் தோன்றிய அலகாபாத் வங்கியே இதனுடன் இணைக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் 5,700க்கும் மேற்பட்ட கிளைகள். பங்குகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அரசின் கையில் இருக்கிறது.

அரசின் கையில் என்றால் நம் கையில் என்று பொருள். ஏமாந்தவர்களின் கண்ணீரில் பிறந்து, மக்களின் சேமிப்பில் வளர்ந்து, மக்களின் வரிப்பணத்தில் உயிர் பிழைத்த வங்கி இது. இதில் நமக்குப் பங்கில்லை என்று யார் சொன்னது? யாரும் சொல்லாமலே நாம் ஒதுங்கி நின்றுவிட்டோம்!

ஒதுங்கினோமா, ஒதுக்கப்பட்டோமா?

பழி முழுவதும் நம் மீதல்ல. 2006ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை மறைக்காமல் எழுதியது. முன்னுரிமைத் துறைக் கடன் தொகையில் முஸ்லிம்களின் பங்கு 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அப்போது மக்கள்தொகையில் நம் பங்கு 13.4 சதவீதம். முஸ்லிம்கள் நிறைந்து வாழும் சில பகுதிகளைக் கடன் கொடுக்கத் தகாத வட்டாரம் என்று வங்கிகள் ஒதுக்கி வைத்திருந்ததையும் அந்த அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. கடைவீதியில் நம் இளைஞர்கள் அனுபவத்தில் அறிந்தது அரசாங்க அறிக்கையிலேயே அச்சாகி வந்தது.

அதே 2006ல் பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டம் வந்தது. முன்னுரிமைத் துறைக் கடனில் சிறுபான்மையினருக்கு உரிய பங்கு போக வேண்டும் என்றது. வங்கிகள் அந்தக் கணக்கைத் தனியே வைக்க வேண்டியதாயிற்று. 2010ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. சிறு, குறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது அந்த விதி. 2020ல் தெருவோர வியாபாரிகளுக்கான கடன் திட்டம் வந்தது. முதல் தவணைக் கடன் 10,000 ரூபாய். 2025ல் அது 15,000 ஆக உயர்ந்தது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். தண்டல்காரர் தரும் அதே பத்தாயிரம்தான்! ஆனால் நம் தள்ளுவண்டிச் சகோதரருக்கு இதைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

விண்ணப்பத்தை வாய்ச்சொல்லால் திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். கிளையில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. நம் ஊரில் சிறுபான்மையினருக்கு எவ்வளவு கடன் கொடுத்தீர்கள் என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம். அரசு வங்கி அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது.

வட்டி பற்றிய கேள்வி

மார்க்கம் வட்டியைத் தடுத்திருக்கிறது. அதில் பேரம் இல்லை. வட்டிக் கடன் வாங்குங்கள் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. யாருக்கு எந்த நிலையில் எது கூடும் என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள்.

ஆனால் வங்கி என்பது கடன் மட்டுமா? நடப்புக் கணக்குக்கு வட்டியே கிடையாது. வரவு செலவு அனைத்தையும் அதில் நடத்தலாம். காசோலை, வெளியூர்ப் பணமாற்றம், பாதுகாப்புப் பெட்டகம், வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம், படிக்கும் குழந்தைகளின் உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம் எல்லாம் வங்கி வழியாகவே வருகின்றன. வரவு செலவு வங்கிப் புத்தகத்தில் இருந்தால் அரசு ஒப்பந்தம் கேட்கும்போதும் ஏற்றுமதியில் இறங்கும்போதும் அது சான்றாக உதவும். கல்லாப் பெட்டியில் மட்டும் ஓடிய வியாபாரத்துக்குச் சாட்சி ஏது?

வட்டியில்லா வங்கிச் சேவைக்கும் வழி கேட்கலாம். 2008ல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது. 2015ல் தீபக் மொகந்தி குழு, வழக்கமான வங்கிகளிலேயே அதற்குத் தனிப் பிரிவு திறக்கலாம் என்றது. ஆனால் 2017ல் இதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று ரிசர்வ் வங்கி கைவிட்டது. ஏன் கைவிட்டார்கள்? கேட்கும் குரல் வலுவாக இல்லை. வங்கியில் கணக்கே இல்லாதவர்கள் வங்கியிடம் எதைக் கேட்பது? லட்சக்கணக்கில் நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வணிகர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு எடை வரும்.

அதுவரை நம் ஜமாஅத்துகள் ஒன்று செய்யலாம். ஊருக்கு ஒரு வட்டியில்லாக் கடன் நிதி. பணம் தனி மனிதர் வீட்டில் இருக்க வேண்டாம். வங்கி நடப்புக் கணக்கில், இருவர் கையெழுத்தில், ஆண்டுதோறும் தணிக்கை செய்து இருக்கட்டும். பத்துத் தள்ளுவண்டிக்காரரைத் தண்டலிலிருந்து மீட்டால் போதும், மற்றது தானே நடக்கும்.

இளைஞர்களே!

வங்கிக் கூண்டுக்கு இந்தப் பக்கம் நிற்பது மட்டும் நம் வேலையா? அந்தப் பக்கமும் உட்காருங்கள். அரசு வங்கி எழுத்தர், அதிகாரி வேலைகளுக்கு 2011 முதல் பொதுத் தேர்வு நடக்கிறது. எழுத்தர் வேலைக்கு உள்ளூர் மொழி தெரிய வேண்டும். தமிழ் நமக்குத் தாய்மொழி அல்லவா?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழக அரசு 2007ல் தந்த 3.5 சதவீத ஒதுக்கீடு மாநில அரசு வேலைக்கு உரியது. வங்கி வேலைக்கு அது செல்லாது. அங்கே மத்திய அரசின் 27 சதவீத இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடுதான். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைமார் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் தாசில்தாரிடம் தனியே வாங்க வேண்டும். மாநிலச் சான்றிதழை வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் வாய்ப்பை இழக்காதீர்கள். சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் கிராமத்து இளைஞர்களுக்கு விழுப்புரத்தில் இந்தியன் வங்கியின் சுயதொழில் பயிற்சி மையம் இருக்கிறது. பயிற்சி இலவசம். நம் மஹல்லாவிலிருந்து எத்தனை பேர் அங்கே போனோம்?

2021 பிப்ரவரி 1ஆம் தேதி நிதிநிலை அறிக்கையில் இரண்டு பொதுத்துறை வங்கிகள் தனியாருக்குப் போகும் என்று அறிவிப்பு வந்தது. மார்ச் 15, 16 தேதிகளில் வங்கி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் வணிகர்கள் இரண்டு நாள் காசோலை மாறவில்லை என்று அலுத்துக்கொண்டதோடு சரி. வங்கி தனியார் கைக்குப் போனால் இடஒதுக்கீடு போகும். தகவல் அறியும் உரிமை போகும். ஏன் கடன் தரவில்லை என்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்க ஆளிருக்காது. அந்தப் போராட்டம் ஊழியர்களின் சம்பளத்துக்கானது மட்டுமல்ல. நம் உரிமைக்கும் சேர்த்துத்தான்.

1906ல் அர்பத்நாட் வாசலில் ஏமாந்து நின்றவர்கள் அடுத்த ஆண்டே தமக்கென்று ஒரு வங்கியைக் கட்டினார்கள். நமக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. கட்டியது இருக்கிறது. நம் பணமும் அதில் இருக்கிறது. நாளைக் காலை கடை திறக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பக்கத்துக் கிளைக்குப் போய் ஒரு நடப்புக் கணக்கு விண்ணப்பத்தைக் கேளுங்கள். மாலையில் தண்டல்காரர் வருவதற்குள் அதை நிரப்பி முடித்துவிடலாம்.